கேசட் ஓடுது, டிஸ்க் நிக்குது: வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டிலிருந்து பதில்

பழைய கல்யாண கேசட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக்கொள்வது எப்படி என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: "பாதியில் நின்று போகிறது. ஹார்ட் டிஸ்க் போச்சாம்." போச்சு என்று சொன்னது யார் என்று பார்த்தால், பல கடிதங்களில் அது புது டிஸ்க் விற்கிற கடைக்காரர். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் டிஸ்க்குக்கே ஒதுக்கிவிட்டேன். எடிட்டிங் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேமராவை இணைக்கிற ஃபயர்வயர் கார்டு இருப்பதால் இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். மினிடிவி கேசட்டை ஏற்றும்போது முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போகிறது. பிறகு 'டிராப்டு ஃப்ரேம்ஸ்' (விடுபட்ட ஃப்ரேம்கள்) எண்ணிக்கை ஏறத் தொடங்குகிறது, படம் தத்தித் தத்தி ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு வேகம் போதவில்லை, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், பெருந்துறை

பதில்: பொறுங்க சார், கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நம் ஊர் பால் (PAL) முறை மினிடிவி வீடியோவில் ஒரு ஃப்ரேம் 1,44,000 பைட். நொடிக்கு 25 ஃப்ரேம். பெருக்கினால் நொடிக்கு 36 லட்சம் பைட், அதாவது 3.6 எம்பி. ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபிக்கு வரும். எக்ஸ்பி காலத்து டிஸ்க்கூட நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும். தேவையைப் போல எட்டுப் பத்து மடங்கு வேகம் கையில் இருக்கும்போது வேகம் போதவில்லை என்பது எப்படிச் சரியாகும்?

சிக்கல் தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது டிஸ்க் நடுவில் இரண்டு நொடி வேறு வேலைக்குப் போனால் யாருக்கும் தெரியாது, காப்பி காத்திருக்கும். கேசட் காத்திருக்காது. கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது மடையைத் திறக்காமல் தூங்கியவனுக்காகத் தண்ணீர் நின்று போகுமா? கடைமடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அப்படித்தான் இதுவும். கேசட்டை ஏற்றுகிற கேப்சர் மென்பொருள் கொஞ்ச நேரத்துக்கு மெமரியில் தேக்கி வைக்கும். தேக்கம் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் ஃப்ரேமைக் கீழே விட்டுவிடும். ஆகவே உங்கள் டிஸ்க்கை நடுநடுவே கூப்பிட்டு இழுப்பது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எக்ஸ்பி மெஷின் என்றதும் நான் முதலில் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற தலைப்பைத் திறந்து, பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பாருங்கள். 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் அல்ட்ரா டிஎம்ஏ (பிராசஸரை இழுக்காமல் தகவல் நேராக மெமரிக்குப் போகும் முறை) என்று இருந்தால் நல்லது. பிஐஓ என்று இருந்தால் உங்கள் திருடன் அகப்பட்டான். டிஸ்க்கோடு பேசும்போது ஆறு தடவை பிழை சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏவிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் பிஐஓவுக்கு வந்துவிடும். நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. பிஐஓவில் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் பிராசஸரே கைப்பட எடுத்து வைக்க வேண்டும். காகிதக் கணக்கில் பிஐஓவுக்கும் நொடிக்கு 16 எம்பி வரை உண்டு, 3.6 அதில் அடங்கத்தான் வேண்டும். ஆனால் பிராசஸர் முழுவதையும் அதுவே தின்றுவிடுவதால் கேப்சர் மென்பொருளுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

மருந்து எளிது. அந்த சேனலை டிவைஸ் மேனேஜரிலேயே அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் உட்கார வைக்கும். சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே இறங்கினால் பிழைக்கு வேறு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பட்டைக் கேபிள். 40 கம்பிக் கேபிளை எடுத்துவிட்டு, நெருக்கமான கம்பிகளுள்ள 80 கம்பிக் கேபிள் போடுங்கள். பழைய பொருள் விற்கும் கடைகளில் டீ காசுக்குக் கிடைக்கிறது.

அது சரியாக இருந்தால் அடுத்தது, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே கேப்சரும் செய்கிறீர்களா என்பது. ஒரே டிஸ்க்கை சி, டி என்று பிரித்து "தனித்தனியாகத்தானே வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய. பெயர் இரண்டானாலும் உள்ளே ஓடுகிற முள் ஒன்றுதான், அது இங்கும் அங்கும் ஓடியாக வேண்டும். இன்னொரு பழைய டிஸ்க் கிடைத்தால் அதைக் கேப்சருக்கு மட்டும் வையுங்கள். நான் டிஸ்க்குக்காகச் செலவு செய்யச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் வேகத்துக்காக அல்ல.

அப்புறம் ஆன்டிவைரஸ். எழுதப்படுகிற ஃபைலை வரி வரியாக அதுவும் கூடவே படித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைப்பதே கூடாது. வயரைப் பிடுங்கிவிட்டு ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள். டிஸ்க் நிறைந்து வழிகிற நிலையில் கேப்சர் செய்யாதீர்கள். சுழலும் தட்டின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகம் எழுதலாம், உள் வட்டத்தில் குறைவு. முதலில் நிரம்புவது வெளி வட்டம். கடைசிப் பகுதிக்கு வரும்போது அதே டிஸ்க்கின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். போதாததற்கு, மிச்ச இடமும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்.

படம் தத்துவதற்குப் பதிலாக சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்தால் அது டிஸ்க் விவகாரமே இல்லை. கேமராவின் ஹெட் அழுக்கு, அல்லது கேசட்டில் பழுது. ஹெட் கிளீனிங் கேசட்டைச் சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள். அதையே திரும்பத் திரும்ப ஓட்டி ஹெட்டைத் தேய்த்துவிட வேண்டாம்.

கேள்வி: எந்தக் கேசட்டைப் போட்டாலும் சரியாக 19, 20 நிமிடத்துக்குள் கேப்சர் நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் 300 ஜிபிக்கு மேல் காலி இருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க்தான். பழுதா?
– அரிசி மண்டி உரிமையாளர், காங்கேயம்

பதில்: நிமிடத்தைக் குறித்து எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே பதில் வந்துவிட்டது. உங்கள் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிஸ்க்கில் எவ்வளவு காலி இருந்தாலும் இதே கதைதான். நொடிக்கு 3.6 எம்பி என்று மேலே வாத்தியாருக்குச் சொன்ன கணக்கில் 4 ஜிபியை வகுத்துப் பாருங்கள்: 20 நிமிடத்துக்குச் சில நொடி குறைவு. ஒலியைத் தனியாகவும் சேர்த்து எழுதுகிற வகை ஏவிஐ என்றால் 19 நிமிடத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே முடியும்.

கையில் கேசட் நிறைய வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது என்றால் ஒரு நாள் 7 நிமிடத்தில் நிற்கும், மறுநாள் 40 நிமிடத்தில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதே நிமிடத்தில் நின்றால் அது ஏதோ ஒரு வரம்பு. 10 நிமிடத்தை ஒட்டி நின்றால் 2 ஜிபி வரம்புள்ள பழைய ஏவிஐ முறையில் உங்கள் மென்பொருள் எழுதுகிறது. மென்பொருளை மாற்றினால் போதும். 

உங்களுக்குத் தீர்வு, இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் ஃபார்மேட். டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதை அழிக்காமலே மாற்றலாம்: கமாண்ட் பிராம்ப்டில் கன்வர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அழியாது என்று சொல்கிறார்களே என நம்பி நேராக இறங்கிவிடாதீர்கள். முக்கியமானதை முதலில் வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு வீட்டு டிவி அந்த டிஸ்க்கைப் படிக்க மாட்டேன் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும், கேப்சர் டிஸ்க்கை டிவியில் மாட்ட வேண்டிய அவசியமில்லை. டிவிக்கு ஒரு பென்டிரைவில் எம்பி4 காப்பி போட்டுக் கொடுங்கள். மகனிடம் ஆப்பிள் மெஷின் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இருப்பதை அது படிக்கும், ஆனால் எழுதாது. இரண்டு பக்கமும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்.

இன்னொன்று, உங்கள் கம்ப்யூட்டர் ரொம்பப் பழையது என்றால் அதன் யுஎஸ்பி எந்தத் தலைமுறை என்று பாருங்கள். யுஎஸ்பி 1.1 என்றால் அதன் உச்ச வேகமே நொடிக்கு 1.5 எம்பிதான். 3.6 எம்பி மினிடிவி வீடியோ அதில் நுழையவே நுழையாது. யுஎஸ்பி 2.0 என்றால் நடைமுறையில் 30 எம்பிக்கு மேல் வரும், தாராளம்.

கேள்வி: 1 டிபி என்று போட்டிருந்த டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரில் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: இல்லைங்க அம்மணி. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இடம் முழுசாகத்தான் இருக்கிறது.

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறேன். அப்பா காலத்து விஎச்எஸ் கேசட்டுகளை யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக் வழியாக ஏற்றுகிறேன். ஆரம்பத்தில் சரியாக இருக்கும் குரல், ஒரு மணி நேரம் கழித்து வாயசைவுக்குப் பின்தங்கி வருகிறது. ஃப்ரேம்கள் விடுபடுவதாக மென்பொருள் சொல்கிறது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியே போட்டுப் பார்த்துவிட்டேன், அப்போதும் அதேதான்.
– வாசகர், திருப்பூர்

பதில்: எஸ்எஸ்டி போட்டும் மாறவில்லை என்றால் குற்றவாளி வேறு. மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல், நாம் செய்வது வெறும் இடமாற்றம். விஎச்எஸ் அப்படியில்லை. அதிலிருந்து வரும் சிக்னல் அலை வடிவில் வருகிறது. கேசட் இழுபட்டிருந்தால், சுருங்கியிருந்தால், ரெக்கார்டிங்கை நிறுத்தி மறுபடி தொடங்கிய இடம் வந்தால் சிக்னல் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் எங்கே ஒரு ஃப்ரேம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கேப்சர் ஸ்டிக்குக்குப் புரியாது, ஃப்ரேமை விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் வந்துகொண்டிருப்பதால் இரண்டும் விலகிப்போகின்றன. மென்பொருளின் திரையில் இரண்டு வகை இழப்பும் ஒரே பெயரில்தான் தெரியும், அதனால்தான் எல்லோரும் டிஸ்க்கைத் திட்டுகிறார்கள்.

யார் காரணம் என்று பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். தகராறு செய்கிற பத்து நிமிடத்தை ரீவைண்ட் செய்து இரண்டு தடவை கேப்சர் செய்யுங்கள். இரண்டிலும் அதே காட்சியில், மாப்பிள்ளை அழைப்பு முடிந்து மண்டபம் வருகிற அதே வெட்டில், ஃப்ரேம் விடுபட்டால் பழுது கேசட்டில். முதல் தடவை ஓரிடம், இரண்டாம் தடவை வேறிடம் என்றால் பழுது கம்ப்யூட்டர் பக்கம். அதை உறுதிசெய்ய, விசிஆருக்குப் பதிலாக ஒரு கேம்கார்டரையோ செட்டாப் பாக்ஸையோ அதே மஞ்சள் வயரில் மாட்டி அரை மணி நேரம் கேப்சர் செய்யுங்கள். அந்த சிக்னல் சுத்தமாக இருக்கும். அதிலும் விடுபட்டால் அப்போது டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்.

கேசட்தான் காரணம் என்று தெரிந்தால் சரியான மருந்து, தடுமாறும் சிக்னலை நேராக்குகிற டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி. விலை அதிகம், கிடைப்பதும் அரிது. பலருக்கு உதவுவது ஒரு பழைய டிவிடி ரெக்கார்டர்: விசிஆரிலிருந்து அதற்குள் விட்டு, அதன் அவுட்புட்டிலிருந்து கேப்சர் ஸ்டிக்குக்குக் கொடுத்தால், சில மாடல்கள் சிக்னலை நேராக்கிக் கொடுக்கும். எல்லா மாடலும் செய்யாது. நல்ல விசிஆர் வைத்திருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். கடைசிவரை விஎச்எஸ் விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

கம்ப்யூட்டர்தான் காரணம் என்று தெரிந்தால் எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். அழுத்தமே செய்யாத வீடியோ நொடிக்கு 20.7 எம்பி. மூன்று மணி நேரக் கேசட் 220 ஜிபியைத் தாண்டிவிடும். ஹஃப்ஒய்யுவி, லகரித் போன்ற இழப்பில்லாத கோடெக்குகள் (வீடியோவை அழுத்திச் சுருக்கும் முறைகள்) அதை ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையில் கொண்டுவருகின்றன, தரம் துளியும் குறையாது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி உறுத்தியது: கேப்சர் ஸ்டிக்கையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருக்கிறீர்கள். ஒரே வழியில் இரண்டு பேரும் முட்டிக்கொள்கிறார்கள். ஹப்பைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டிக்கை கேபினட்டின் பின்பக்க போர்ட்டில் நேராக மாட்டுங்கள், டிஸ்க்கை உள்ளே மதர்போர்டின் சாட்டா இணைப்பில்.

திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். கட்டிங் செக்ஷன் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தடவையாவது கேபினட்டைத் திறந்து பாருங்கள். பஞ்சுத் தூசி விசிறியை மூடி, கம்பளி போல டிஸ்க்கைப் போர்த்தியிருக்கும். சுழலும் டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி. நான் 45ஐத் தாண்ட விடுவதில்லை. சித்திரை வெயிலில் பகலில் கேப்சர் வேண்டாம், விடியற்காலையில் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் கல்யாணம் 1996ல் ஊரில் நடந்தது. இணைச்சீர், நாவிதர் மங்கல வாழ்த்து பாடியது எல்லாம் வீடியோவில் இருந்தது. பாடியவர் இப்போது இல்லை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்திருந்தோம். பேரன் மேஜையிலிருந்து தட்டிவிட்டான். மாட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, ஃபைல் தெரியவில்லை. தெரிந்த பையன் ஏதோ செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறான். என்ன செய்வது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தப் பையனைத் தடுத்து நிறுத்துங்கள் அம்மா. முதல் வேலை அது. இரண்டாவது, டிஸ்க்கை இனி மாட்டவே மாட்டாதீர்கள், "ஒரு தடவை பார்க்கலாம்" என்றுகூட வேண்டாம். அந்த டிக் சத்தம் உள்ளேயுள்ள முள் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயல்வது. முள் தட்டில் உரசியிருந்தால், சுழல்கிற ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டே போகும். பாட்டு பதிந்திருப்பது அந்தப் பூச்சில்தான்.

செக் டிஸ்க் என்பது ஃபைல்களின் பட்டியலைச் சரிசெய்ய எழுதப்பட்டது, டிஸ்க்குக்கு உடம்பு சரியில்லாதபோது ஓட்டுவதற்கல்ல. முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் படிக்கச் சொல்லும், பட்டியலைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தியும் வைக்கும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அது கடைசி அடியாகிவிடும். ஃப்ரீசரில் வைப்பது, அரிசிப் பானையில் புதைப்பது, பக்கவாட்டில் தட்டுவது எதுவும் வேண்டாம். திறந்து பார்ப்பது வேண்டவே வேண்டாம், உள்ளே ஒரு தூசி போனாலும் போச்சு.

இப்போது நல்ல செய்தி. கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. வீட்டு அட்டாலியில் ஏறிப் பாருங்கள். அது கிடைத்தால் இந்த டிஸ்க்கை மறந்துவிடலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். எடுத்ததும் விசிஆரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல இருந்தால் பூஞ்சை. அதோடு ஓட்டினால் விசிஆரும் கெடும், கேசட்டும் கிழியும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளை இல்லையென்றால் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிறகு ஓட்டுங்கள்.

கேசட் கிடைக்கவே இல்லை என்றால்தான் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போக வேண்டும். தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து முள்ளை மாற்றுகிற வசதி உள்ளவர்களிடம் மட்டும் கொடுங்கள். செலவு நிறைய ஆகும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அங்கே கொடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர்களிடம் ஒரு தடவை விசாரியுங்கள். 96ல் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு கேசட் கொடுப்பது வழக்கம். உங்கள் நாத்தனார் வீட்டில் ஒன்று இருந்தாலும் இருக்கும்.

கீழே விழாமலே மெல்லச் சாகிற டிஸ்க்குகளும் உண்டு. அவை முன்கூட்டியே சொல்லும், நாம்தான் கேட்பதில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அதில் 5, 197, 198 என்று எண்ணிட்ட மூன்று வரிகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். 197 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். 198 படிக்கவே முடியாதவை. கடைசி நெடுவரிசையில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எண் வந்து, வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கில் கேப்சர் செய்வதை நிறுத்திவிட்டு, உள்ளதை உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கெட்ட பகுதி வரும்போது டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கவும் எழுதவும் முயலும், அந்த நொடிகளில்தான் கேப்சரும் தடைபடுகிறது. 199 என்ற வரி மட்டும் ஏறினால் பயப்பட வேண்டாம். அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் ஓடுகிற கேபிளின் குறை, கேபிளை மாற்றிவிட்டால் ஏறுவது நின்றுவிடும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் விசைத்தறி. மின்சாரம் ஏறி இறங்குகிறது, சில நேரம் போயே விடுகிறது. இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. அதுவரை ஏற்றிய எம்பி4 ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் அளவு மட்டும் பெரிதாகத் தெரிகிறது.
– ஜமக்காள வியாபாரி, பவானி

பதில்: 2012ல் நாளெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முன்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று. ஃபேனுக்கும் லைட்டுக்கும் நார்மல் போதும். மாறுகிற அந்தக் கண நேர இடைவெளியைக் கம்ப்யூட்டர் தாங்காது. யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்படி ஸ்விட்ச் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை. தனி அடாப்டரில் ஓடுகிற பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் அந்த அடாப்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர் உயிரோடு இருந்து டிஸ்க் மட்டும் செத்தாலும் கேப்சர் போய்விடும்.

ஃபைல் திறக்காததற்குக் காரணம், எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுகிறது. எந்தக் காட்சி எந்த இடத்தில் என்ற விவரம் அதில்தான். ஸ்டாப் பட்டனை அழுத்துவதற்கு முன் கரண்ட் போனால் உள்ளே படம் இருந்தும் பயனில்லை. ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் கேப்சர் செய்கிறவர்கள் ஃபைல் வகையை எம்கேவி என்று மாற்றிக்கொள்ளுங்கள், அறுந்த இடம் வரை பத்திரமாக இருக்கும். முடிந்ததும் அதே மென்பொருளில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் சில நிமிடங்களில் எம்பி4 ஆகிவிடும், தரம் மாறாது. ஏவிஐயில் அறுந்தது என்றால் வர்ச்சுவல்டப் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்து பாருங்கள், விட்டுப்போன அட்டவணையை அது தானே கட்டிக்கொள்ளப் பார்க்கும். பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 900 ரூபாய்க்கு வருகிறது. ஊர் வள்ளி கும்மி வீடியோக்களை எல்லாம் அதில் போட்டு வைக்கலாமா?
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, அந்த விலைக்கு 2 டிபி யாராலும் கொடுக்க முடியாது. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை ஒட்டி, கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகும் எழுதுவது போலவே நடிக்கும், பழைய கும்மியின் மேல் புதுக் கும்மியை எழுதும் அல்லது எங்கேயும் எழுதாது. ஃபைல் பெயர் மட்டும் அழகாகத் தெரியும். வாங்கிவிட்ட நண்பர்கள் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல். முழு இடத்தையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

கேள்வி: புதிதாக வாங்கிய 4 டிபி போர்ட்டபிள் டிஸ்க். தனியாகக் கேப்சர் செய்தால் தொந்தரவு இல்லை. பழைய ஃபைல்களை அதற்குள் காப்பி செய்துகொண்டே கேப்சரும் செய்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஃப்ரேம் விடுபடுகிறது. டிஸ்க்கைப் பரிசோதித்தால் எல்லாம் நல்லது என்றே வருகிறது.
– ஸ்டூடியோ வைத்திருப்பவர், உடுமலைப்பேட்டை

பதில்: டிஸ்க் நல்லதுதான், குணம் அப்படி. பெரிய கொள்ளளவுள்ள கைக்கடக்கமான டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இப்போது எஸ்எம்ஆர் முறையில் வருகின்றன. ஓடு வேய்வது போலத் தடங்கள் ஒன்றின் ஓரத்தில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், அதனால் நிறைய இடம் கிடைக்கும். ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். முதலில் வருவதைத் தனியாக ஒதுக்கிய பகுதியில் வேகமாக வாங்கி வைக்கும். அது நிரம்பியதும் வேகம் சட்டென்று தரைக்கு வந்துவிடும். காப்பியும் கேப்சரும் சேர்ந்து அந்தப் பகுதியை நிரப்பிவிடுகின்றன.

சேமித்து வைக்க இந்த டிஸ்க் பரவாயில்லை. கேப்சருக்கு ஏதாவது பழைய, நிமிடத்துக்கு 7200 சுழற்சி டெஸ்க்டாப் டிஸ்க் அல்லது சின்ன எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள். கேசட் முடிந்த பிறகு ராத்திரியில் இதற்கு மாற்றுங்கள். வீடியோஸ் ஃபோல்டரை மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் தானாக இன்டர்நெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். 13 ஜிபி ஃபைல் எழுதி முடியும் முன்னாலேயே அதை அனுப்பத் துடிக்கிற வழக்கம் அதற்கு உண்டு.

கேள்வி: ஏற்றி முடித்த பிறகு கேசட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாங்க. ஏற்றியதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன். பிறகு இரண்டு டிஸ்க்கில் காப்பி போட்டு, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதைத் தம்பி வீட்டிலும் வையுங்கள். வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பீரோவில் வைப்பதற்கு எஸ்எஸ்டியை நம்ப வேண்டாம், சுழலும் டிஸ்க்கே போதும். வருடம் ஒரு தடவை இரண்டையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கேசட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஈரம் இல்லாத அலமாரியில் வைத்துவிடுங்கள். எடைக்குப் போட்டால் வருகிற காசுக்கு கரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கலாம், அவ்வளவுதான்.